மறு: துறைகளுக்கு இடையிலான போட்டி பாதியில் நின்றுவிடுகிறது

வணக்கம் நண்பரே. உங்கள் பல்கலைக்கழகம் வெளிப்போட்டிகளுக்கு அணி அனுப்புவதில்லை என்றும், எட்டுத் துறைகளுக்கு இடையே நீங்கள் நடத்திய கைப்பந்துப் போட்டி ஐப்பசி மழையில் நின்றபின் தோற்றவர்கள் யாரும் திரும்பி வரவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். மழையைவிட, தோற்றால் வெளியேறும் முறைதான் அவர்களை விரட்டியிருக்கும் என்று நினைக்கிறேன். அதில் முதல் சுற்றோடு நான்கு துறைகளுக்கு வேலையில்லை. எல்லா அணிகளும் ஒன்றோடொன்று மோதினால் 28 ஆட்டங்கள் ஆகிவிடும். நான்கு நான்காகப் பிரித்தால் 12 ஆட்டங்கள், அரையிறுதி இரண்டு, இறுதி ஒன்று என 15இல் முடிவதோடு, எந்த அணிக்கும் மூன்று ஆட்டங்கள் உறுதி.

நம் வண்டல் மண் ஒருமுறை ஊறினால் நாள்கணக்கில் செருப்போடு அப்பிக்கொண்டு வரும் என்பதால், பொங்கல் விடுமுறை முடிந்து தொடங்குங்கள்.

பூப்பந்தையும் அவசியம் சேருங்கள். 19ஆம் நூற்றாண்டிலேயே தஞ்சை அரச குடும்பத்தார் ஆடிய, நம் மண்ணின் ஆட்டம் அது. 24 மீட்டர் நீளமும் 12 மீட்டர் அகலமும் கொண்ட களத்தில் அணிக்கு ஐவரே ஆடுவதால், மாணவர் குறைவான துறையும் தயங்காமல் பெயர் கொடுக்கும். கம்பளி நூல் பந்து ஈரத்தில் கனத்துவிடும். தை மாதப் பனி இறங்குமுன் ஆட்டத்தை முடித்துவிடுங்கள்.

மாணவியருக்கு மிஞ்சிய நேரத்தை ஒதுக்காதீர்கள். அதே களத்தை, அதே மாலை நேரத்தை முறைவைத்துக் கொடுங்கள். அட்டவணையை அலுவலகப் பலகையில் அல்ல, எல்லாரும் தட்டோடு வரிசையில் நிற்கும் விடுதி உணவுக்கூட வாசலில் ஒட்டுங்கள்.