பேபின் கண்ணுக்குக் கண் 42 காம்பு: அமெரிக்க டால் டேல் (நிஜம்போல் சொல்லும் புளுகுக் கதை) கேள்வி பதில்

கேள்வி: மூன்றாம் வகுப்புக்கு அமெரிக்க டால் டேல் நாயகன் பால் பன்யன் கதையை நடத்துகிறேன். ‘ராட்சச மரவெட்டி’ என்பதற்கு மேல் பிள்ளைகள் மனதில் எதுவும் நிற்கவில்லை.

பதில்: மைதானத்துக்குக் கூட்டிப் போங்கள், டீச்சர். பன்யனின் நீலக் காளை பேபுக்கு ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்கு 42 கோடரிக் காம்பு தூரம் என்பது கதைக் கணக்கு. 90 செ.மீ. குச்சியைக் காம்பாக வைத்துப் பிள்ளைகளே அளக்கட்டும்; ஏறக்குறைய 38 மீட்டர் வரும். இரு முனையிலும் ஆளுக்கொரு பிள்ளையைக் கண்ணாக நிறுத்துங்கள். முகமே இவ்வளவு என்றால் உடம்பு எவ்வளவு என்று அவர்களே கேட்பார்கள். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநில ஏரிகள் இந்தக் காளையின் குளம்புத் தடங்களில் தேங்கிய தண்ணீர் என்ற கதையை அப்போது சொல்லுங்கள்.

கேள்வி: பிள்ளைகளையே ஒரு டால் டேல் எழுதச் சொன்னால் எல்லாம் சூப்பர்ஹீரோ கதையாகிவிடுகிறதே?

பதில்: மந்திரசக்தி நுழைவதுதான் காரணம். நாயகனுக்கு முதலில் ஒரு தொழில் கொடுங்கள். அதில் ஒரே ஒரு திறமையை மட்டும் ஊதிப் பெருக்கட்டும். ‘ரொம்ப ரொம்ப பலசாலி’ என்று எழுதினால், ‘அதனால் என்ன ஆயிற்று?’ என்று கேளுங்கள். பதிலாக வரும் வாக்கியம்தான் கதை. வாசிக்கும் பிள்ளை சிரிக்கக் கூடாது. கண்ணால் கண்ட சாட்சி மாதிரி சொன்னால்தான் புளுகு எடுபடும்.

கேள்வி: இன்னொரு கதை நாயகர் ஜானி ஆப்பிள்சீட் நிஜமாகவே இருந்தாரா, சார்?

பதில்: இருந்தார். ஜான் சாப்மன், 1774இல் மாசசூசெட்ஸில் பிறந்தவர். வழிநெடுக ஆப்பிள் விதை தூவினார் என்பது கதை. வேலி போட்டு நாற்றங்கால் வளர்த்தார், கன்று விற்றார் என்பது வரலாறு. விதையில் முளைக்கும் ஆப்பிள் தாய்மரத்துப் பழம்போல் இருக்காது. பெரும்பாலும் புளிக்கும், சைடர் என்ற ஆப்பிள் சாற்றுப் பானத்துக்குத்தான் ஆகும்.

கேள்வி: ஜான் ஹென்றி கடைசியில் இறந்துபோகிறார். சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா?

பதில்: சொல்லுங்கள், ஆனால் தனி வகுப்பாக. பன்யனோடு சேர்த்தால் சிரிப்புக் கதையாகிவிடும். பாறையைத் துளைக்கும் நீராவி இயந்திரத்தோடு போட்டியிட்டு வென்று, சம்மட்டியோடு சாய்ந்த கறுப்பினத் தொழிலாளி அவர். மேற்கு வர்ஜீனியாவில், 1870இல் வேலை தொடங்கிய பிக் பெண்ட் ரயில் சுரங்கத்தில் நடந்ததாகப் பலரும் சொல்வார்கள். அடிமைமுறை ஒழிந்து ஐந்தே வருடம்.

முதலில் பாறையைக் கையால் துளைக்கும் வேலையைக் காட்டுங்கள். ஒருவர் எஃகு உளியைப் பிடிப்பார், மற்றவர் அடிப்பார். ஒவ்வோர் அடிக்கும் உளியைக் கொஞ்சம் திருப்ப வேண்டும். இல்லையென்றால் பாறையில் சிக்கிக்கொள்ளும். குறி தப்பினால் பிடித்தவர் கை போயிற்று. பென்சிலையும் களிமண்ணையும் கொடுத்து, மெதுவாகத் தட்டித் தட்டித் திருப்பச் சொல்லுங்கள். மிகைப்படுத்தி எழுதும் பயிற்சி அன்றைக்கு வேண்டாம்.