மட்டக்களப்பில் வீட்டு வளவிலிருந்து தொலைநோக்கி மூலம் வானத்தைப் படம்பிடிக்க எப்படித் தொடங்குவது? என்னிடம் 130 மி.மீ. ஆடித் தொலைநோக்கியும் கைத்தொலைபேசியும் மட்டுமே உள்ளன.

அவை போதும். நான் கல்லடியில் தொடங்கியபோது இதை யாரும் சொல்லாததால் ஒரு வருடம் வீணானது. ஐரோப்பியர்களின் காணொளிகளைப் பார்த்துவிட்டு, பூமியின் சுழற்சிக்கு ஏற்பத் திரும்பும் தாங்கி ஒன்றைப் பழையதாக வாங்கினேன். அதன் அச்சு துருவ விண்மீனை நோக்கி நிற்க வேண்டும். லண்டனில் அந்த விண்மீன் 51 பாகை உயரத்தில் நிற்கிறது. நமக்கோ 7.7 பாகை, அதாவது அயல்வீட்டுத் தென்னைகளுக்குப் பின்னால். அவ்வளவு தாழ்வாகச் சாய்த்தபோது தொலைநோக்கியின் எடையைச் சமன்செய்யும் எதிர்நிறைத் தண்டு முக்காலியின் காலில் போய் இடித்தது. விற்றவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நிலவிலிருந்து தொடங்குங்கள். ஆனால் பௌர்ணமியில் வேண்டாம். ஒளி நேராக விழுவதால் நிழலே இராது. படம் அப்பளம் போல வரும். வளர்பிறை அட்டமியை ஒட்டிய மாலைகளில் இருளும் ஒளியும் சந்திக்கும் கோட்டைப் பாருங்கள். டொலமேயஸ், அல்போன்சஸ், ஆர்சக்கேல் என்ற மூன்று பள்ளங்கள் வரிசையாகக் கிடக்கும். 25 மி.மீ. கண்வில்லையைப் பொருத்தி, தொலைபேசியை அதன் மேல் பிடிப்பானால் இறுக்குங்கள். கையால் பிடித்தால் பொறுமைதான் போகும். திரையில் நிலவை அழுத்திப் பிடித்துக் குவியத்தைப் பூட்டி, வெளிச்சத்தைக் குறைத்து, 2 வினாடித் தாமதத்தில் எடுங்கள்.

அடுத்தது வியாழன். தனிப் படம் எடுக்காமல் 2 நிமிடக் காணொளி எடுங்கள். வியாழன் 10 மணி நேரத்துக்குள் ஒரு சுற்றுச் சுழன்றுவிடுவதால் நீளமாக எடுத்தால் அதன் பட்டைகள் மங்கும். ஆட்டோஸ்டாக்கர்ட் என்ற இலவச மென்பொருள் காணொளியிலுள்ள தெளிவான தனிப் படங்களை மட்டும் பொறுக்கி அடுக்கித் தரும். இங்கே நமக்கு அதிர்ஷ்டம்: கோள்கள் ஏறக்குறைய தலைக்கு மேலாகவே போவதால், காற்றுப்படலத்தின் கலங்கல் குறைவு.

விண்மீன் கூட்டங்கள் வேறு கதை. அசையாத தொலைநோக்கியில் ஒரு வினாடி வைத்தாலே விண்மீன் கோடாகிவிடும். கமெரா ஒன்றை இரவல் வாங்க முடிந்தால் தொலைநோக்கியை வீட்டில் விட்டுவிட்டு, 50 மி.மீ. லென்ஸுடன் வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போங்கள். வயல்வாடியில் இருப்பவரிடம் முதலில் சொல்லிவிடுங்கள். நடுச்சாமத்தில் முக்காலியோடு நிற்பவனை யாரென்று நினைப்பார்கள்? மே மாதம் இரவு 10 மணியளவில் தெற்கே 35 பாகை உயரத்தில் ஒமேகா சென்டாரி என்ற விண்மீன் கூட்டம் நிற்கும். லண்டன்காரருக்கு அது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. 5 வினாடிப் படங்கள் நூறு எடுத்து அடுக்கினால், வெறும் புகைப் புள்ளியாகத் தெரிவது பஞ்சுப் பொதியாக எழும்பும்.

மாரி மாதங்களில் உறையைக் கழற்றவே வேண்டாம். கச்சான் காற்று வீசும் மாலைகளில் குழாய் நடுங்கும். காற்று அடங்கும்வரை பொறுங்கள். சூரியன் பக்கம், குழாயின் வாயை மூடும் சூரிய வடிகட்டி இல்லாமல் ஒருபோதும் திருப்பாதீர்கள். கடற்கரை ஈரத்தில் ஆடியில் பூஞ்சணம் பிடிக்கும். குழாயை மூடி வைக்கும்போது சிலிக்கா பொட்டலங்கள் போடுங்கள். நான் அரிசிப் பொட்டலம் வைத்துப் பார்த்தேன். ஆடியெல்லாம் தவிட்டுத் தூள்.