விமர்சகர்கள் கொண்டாடிய மூன்றாவது சீசனோடு 'தி வீல் ஆஃப் டைம்' ஏன் நின்று போனது?

ராபர்ட் ஜோர்டனின் நாவல்களை வைத்து அமேசான் எடுத்த கற்பனைத் தொடர் 'தி வீல் ஆஃப் டைம்'. அதன் மூன்றாவது சீசனை விமர்சகர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்களே, அப்புறமும் அமேசான் ஏன் நிறுத்தியது, விமர்சனத்துக்கு மதிப்பே இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். மதிப்பு உண்டு, ஆனால் அந்தப் பாராட்டைப் படித்தவர்களில் பெரும்பாலானோர் ஏற்கெனவே தொடரைப் பார்த்துக் கொண்டிருந்தவர்கள். புதிதாக யாரையும் அது பெரிதாகக் கூட்டி வரவில்லை.

விமர்சனங்களைத் தொகுத்துத் தரும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் முதல் சீசனுக்கு 80 சதவீதத்தை ஒட்டிய மதிப்பு, இரண்டாவதுக்கு அதைவிடக் கொஞ்சம் கூட, 2025 மார்ச்சில் வந்த மூன்றாவதுக்கு 97. பார்த்தவுடன் மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் எழுதியவர்களில் எத்தனை பேருக்குப் பிடித்தது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது, எத்தனை பேர் எழுதவே வரவில்லை என்பதைச் சொல்வதில்லை. 2021 நவம்பரில் முதல் சீசன் வந்தபோது, அடுத்த பெரிய கற்பனைத் தொடர் இதுதானா என்று பார்க்க எல்லாப் பத்திரிகைகளும் ஆளை உட்கார வைத்தன. மூன்றாவதுக்கு எழுதியவர்கள் அவர்களில் ஒரு பகுதிதான். முதல் சீசனிலேயே சலித்துப் போனவர் மூன்றாவதைப் பார்த்துவிட்டு நாலு பக்கம் எழுத உட்கார மாட்டார் இல்லையா? இந்த வடிகட்டல் எல்லா நீண்ட தொடருக்கும் நடக்கும். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' இதற்கு நேர் எதிர்: 2019இல் வந்த எட்டாவது சீசன் 55 சதவீதத்துக்கு இறங்கியது, ஆனாலும் கடைசி எபிசோடை அமெரிக்காவில் அன்றிரவே 1 கோடியே 93 லட்சம் பேர் பார்த்தார்கள். அவர்களைச் சேர்த்தது பழைய சீசன்கள்.

இதற்காக அந்த 97ஐப் போலி என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். நாலாவது எபிசோடை மட்டும் எடுத்துக் கொள்ளுங்கள் (பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம்). கதாநாயகன் ராண்ட் பாலைவன நகரமான ருயிடியனுக்குள் போகிறான், தன் முன்னோர்களின் வாழ்க்கைக்குள் ஒருவர் பின் ஒருவராக இறங்குகிறான், அதுவும் காலத்தில் பின்னோக்கி. ராண்டாக நடிக்கும் ஜோஷா ஸ்ட்ரடோவ்ஸ்கியே அத்தனை முன்னோர்களாகவும் நடிக்கிறார். ஒவ்வொருவருக்கும் வயது வேறு, நடை வேறு, பயம் வேறு. ஈட்டியும் கையுமாக நாம் பார்த்துப் பழகிய, அவன் முன்னோர்களின் இனமான அயீல் மக்கள் ஒரு காலத்தில் யாரையும் அடிப்பதில்லை என்று சத்தியம் செய்து வாழ்ந்தவர்கள் என்பது நமக்குக் கடைசியிலிருந்து முதலுக்குத் தெரிய வருகிறது. முதன்முதலில் ஆயுதத்தை எடுத்த பிள்ளையைப் பெற்ற தாயே ஏற்க மறுக்கும் இடத்தில் பெரிய சண்டையோ கிராபிக்ஸோ எதுவும் கிடையாது, ஆனாலும் மூன்று சீசனில் அதைவிடக் கனமான காட்சி இல்லை என்பேன். நாவலில் இந்தப் பகுதியைப் படித்தவர்கள் இதைப் படமாக்கவே முடியாது என்று நினைத்திருந்தார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். ஏழாவது எபிசோடில் ராண்டின் நண்பன் பெரினின் ஊரைக் காக்கும் போரும் நன்றாக இருந்தது, ஆனால் அது எந்த நல்ல குழுவும் எடுக்கக்கூடியது. ருயிடியன் அப்படி இல்லை.

சிக்கல் என்னவென்றால் அங்கே வந்து சேர இரண்டு சீசன், அதாவது 16 எபிசோட், பொறுமையாகப் பார்த்திருக்க வேண்டும். முதல் சீசன் அந்தப் பொறுமையை நிறைய பேரிடம் தீர்த்துவிட்டது. எழுநூறு எண்ணூறு பக்க நாவலை எட்டே எபிசோடில் அடைத்தார்கள். கொரோனாவால் படப்பிடிப்பு நின்றது, அதற்கிடையில் ராண்டின் இன்னொரு நண்பன் மேட்டாக நடித்த பார்னி ஹாரிஸ் விலகிவிட்டதால் கடைசி இரண்டு எபிசோடுகளை அவன் இல்லாமலே எழுத வேண்டி வந்தது. தொடரை எடுத்தவர்கள் மேல் முழுப் பழியையும் போட முடியாது. ஆனால் பெரினுக்கு நாவலில் இல்லாத ஒரு மனைவியைக் கொடுத்து முதல் எபிசோடிலேயே அவன் கையாலேயே சாகடித்தது யாரும் கட்டாயப்படுத்திச் செய்ததில்லை. ராபர்ட் ஜோர்டனின் நாவல்களைப் பல வருடம் படித்து வளர்ந்தவர்களில் பலர் அங்கேயே கோபித்துக் கொண்டு போய்விட்டார்கள், புத்தகம் படிக்காதவர்களுக்கோ கடைசி எபிசோடில் என்ன நடந்தது என்றே சரியாகப் புரியவில்லை. அப்புறம் அடுத்த சீசன் 2023 செப்டம்பரில், அதற்கடுத்தது 2025 மார்ச்சில். இத்தனை பெயர்களும் குலங்களும் உள்ள கதையை ஒன்றே முக்கால் வருடம், ஒன்றரை வருடம் இடைவெளி விட்டுக் கொடுத்தால் யாருக்கு நினைவிருக்கும்?

மூன்றாவது சீசன் முடிந்து ஒரு மாதம் கழித்து, 2025 மே மாதம், நிறுத்துவதாக அறிவிப்பு வந்தது. செலவுக்கு ஏற்ற பார்வையாளர் எண்ணிக்கை இல்லை என்பதுதான் செய்திகளில் சொல்லப்பட்ட காரணம். கணக்காக அது சரியாகவே இருக்கலாம், எனக்கு ஆறவில்லை. மொத்தம் 14 நாவல்கள், அதில் நாலாவது வரைதான் வந்திருக்கிறார்கள், எழுதும் குழுவுக்குக் கை படிந்ததே இப்போதுதான். கடைசி எபிசோடில் மந்திர சக்தி கொண்ட பெண்களின் தலைவியாக இருந்த சுவானுக்கு, நாவலில் அந்த இடத்தில் இல்லாத மரணத்தைக் கொடுத்ததுகூட எங்கேயோ கொண்டு போவதற்காகத்தான் என்று நம்பிப் பார்த்தேன், அது எங்கே என்று இனி தெரியப் போவதில்லை.

முடிவில்லாத தொடரைப் பார்க்கலாமா என்று சிலர் தயங்குகிறார்கள். தாராளமாகப் பாருங்கள். இரண்டாவது சீசனில் ராண்டின் ஊர்த்தோழி எக்வேன் சிறைப்படும் பகுதிக்கு வந்துவிட்டால் அதற்கு மேல் யாரும் சொல்லத் தேவையிருக்காது. ஒன்றே ஒன்று, நாலாவது எபிசோடுக்காக மூன்றாவது சீசனுக்கு நேராகத் தாவாதீர்கள், அயீல்கள் யார் என்று தெரியாமல் பார்த்தால் அது வெறும் முகமாற்ற வித்தையாகத் தெரியும்.