துருவக் குளிர்காலத்தில் மழை: கேள்வி பதில்

வடதுருவக் குளிர்காலத்தில் திடீர் திடீரென வெப்பம் ஏறுவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கான பதில்கள் இவை. எடுத்துக்காட்டுகளில் பல நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளைச் சேர்ந்தவை. அவ்வளவு வடக்கே நெடுங்கால அளவீடுகள் உள்ள இடங்கள் மிகக் குறைவு.

திருச்சி, கல்லூரி மாணவி: மாதக்கணக்கில் சூரியனே எழாத இடத்தில் வெப்பம் எங்கிருந்து வருகிறது?

தெற்கிலிருந்து காற்றோடு வருகிறது. அட்லாண்டிக் புயல்கள் கிரீன்லாந்துக்கும் ஸ்காண்டிநேவியாவுக்கும் இடையே வடக்கு நோக்கித் திரும்பும்போது ஈரக்காற்றையும் இழுத்துச் செல்கின்றன. கிழக்குப் பக்கம் உயரழுத்தம் ஒன்று அசையாமல் நின்றுவிட்டால் அடுத்தடுத்த புயல்களும் அதே பாதையைப் பிடிக்கின்றன. 2015 டிசம்பர் கடைசியில் வடதுருவத்துக்கு அருகே ஒரு மிதவைக் கருவி 0 டிகிரிக்குச் சற்று மேலே காட்டியது இப்படி வந்த காற்றால்தான்.

அந்தக் காற்றின் சூட்டைவிட அதிலுள்ள ஈரமும் மேகமும் செய்யும் வேலை பெரிது. ஊட்டியில் உறைபனி விழுவது வானம் தெளிந்த இரவுகளில். மேகம் மூடிய இரவில் விழுவதில்லை. துருவத்திலும் அதே இயற்பியல்தான். வானம் தெளிவாக இருந்தால் கடல் பனியின் மேற்பரப்பு சதுர மீட்டருக்குச் சுமார் 40 வாட் வெப்பத்தை விண்வெளிக்கு இழந்துகொண்டே இருக்கும். நீர்த்துளிகள் நிறைந்த தாழ்மேகம் வந்து மூடினால் அந்த இழப்பு ஏறக்குறைய நின்றுவிடும். ஒரே இரவில் வெப்பநிலை இருபது டிகிரி எகிறுவதற்கு இதுவே போதும்.

கடலின் பங்கும் இருக்கிறது. உப்புநீர் உறையும் வெப்பநிலை -1.8 டிகிரி. மேலே காற்று -30 என்றால், பனிக்கட்டி மூடாத இடத்தில் கடல் சதுர மீட்டருக்குச் சில நூறு வாட் வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுக்கும். தடித்த பனிக்கட்டியும் அதன் மேல் பனியும் இருந்தால் அதில் சிறு பங்குதான் கசியும். கோடையில் பனிக்கட்டி குறைந்து கடல் சேமித்த வெப்பம் இப்படி இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் வெளியேறுகிறது. துருவ வெப்ப உயர்வு கோடையைவிடக் குளிர்காலத்தில் பெரிதாகத் தெரிவதற்கு இது முக்கியக் காரணம். 1979-க்குப் பிறகு ஆர்க்டிக் பகுதி உலகச் சராசரியைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடாகியிருக்கிறது.

மதுரை வாசகர்: -15 இருக்க வேண்டிய இடத்தில் -3 இருந்தால் என்ன? அதுவும் குளிர்தானே?

சராசரி -3 என்றால் பல நாட்கள் 0-வைத் தாண்டியிருக்கும். அதுதான் பிரச்சினை. ஸ்வால்பார்டின் நி-ஓலசுண்டு ஆய்வுக் குடியிருப்பில் 2025 பிப்ரவரிச் சராசரி -3.3 டிகிரி. அந்த மாதத்தின் 28 நாட்களில் 14 நாட்கள் வெப்பநிலை 0-வுக்கு மேலே போனது. -25 போய் -10 ஆனால் பனி பனியாகவே இருக்கும். -1 போய் +2 ஆனால் மழை பெய்யும்.

குளிர்காலத்தில் பெய்யும் மழை, பனியின் ஊடே இறங்கி உறைநிலையில் இருக்கும் தரையைத் தொட்டதும் பனிக்கட்டியாகிறது. உறையும்போது ஒவ்வொரு கிலோ நீரும் 334 கிலோஜூல் வெப்பத்தை வெளியிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 மில்லிமீட்டர் மழை என்றால் சதுர மீட்டருக்கு 10 கிலோ நீர். அது முழுதும் உறைந்தால் 3,340 கிலோஜூல். அரை மீட்டர் ஆழப் பனி, கன மீட்டருக்கு 300 கிலோ அடர்த்தி, வெப்பநிலை -10 என்று வைத்துக்கொண்டால் அதை 0-க்குக் கொண்டுவரத் தேவைப்படுவது சுமார் 3,150 கிலோஜூல். ஒரு சாதாரணத் தூறல் நாள், குளிர்காலம் முழுக்கச் சேர்ந்த குளிரை அந்தப் பனியிலிருந்து துடைத்துவிடும். அடுத்த மழையில் ஒரு பகுதி உறையாமலே வழிந்தோடும்.

2012 ஜனவரி 30 அன்று நி-ஓலசுண்டில் ஒரே நாளில் 98 மில்லிமீட்டர் பெய்தது. நிலத்தடி உறைமண்ணின் வெப்பநிலை 5 மீட்டர் ஆழம் வரை உயர்ந்தது பதிவாகியிருக்கிறது. ஸ்வால்பார்டின் முக்கிய ஊரான லாங்யர்பியனில் நீரும் பனியும் கலந்த குழம்பு சரிந்து வந்து ஒரு நடைபாலத்தை அடித்துச் சென்றது. பிறகு குளிர் திரும்பியதும் மேய்ச்சல் நிலமெங்கும் கனத்த பனிக்கட்டி ஓடு போர்த்தியது. ரெயின்டீர் மான் குளம்பால் பனியைத் தோண்டித் தின்னும். பனிக்கட்டியை உடைக்க அதனால் முடியாது. 2003 அக்டோபரில் கனடாவின் பேங்க்ஸ் தீவில் பெய்த மழைக்குப் பின் சுமார் 20,000 கஸ்தூரி எருதுகள் பட்டினியால் மடிந்தன. இந்த எண்ணிக்கையைப் பார்த்த பிறகு "கொஞ்சம் இதமான குளிர்காலம்" என்று எழுத எனக்கு மனம் வருவதில்லை.

யாழ்ப்பாணம், ஆசிரியர்: இத்தகைய நாட்கள் முன்பும் இருந்தன என்கிறார்களே?

இருந்தன. 1893 முதல் 1896 வரை நார்வே துருவப் பயணி நான்சனின் ஃப்ராம் கப்பல் பனிக்கட்டியில் சிக்கி மிதந்தபோது எடுத்த குறிப்புகளிலும் குளிர்கால வெப்ப ஏற்றங்கள் உண்டு. மாறியிருப்பது அவை வரும் தடவையும் நீடிக்கும் நேரமும். ஒரே ஒரு புயலைக் காட்டி "இது பருவநிலை மாற்றம்" என்று சொல்ல வேண்டாம். பல பத்தாண்டுப் பதிவை வைத்துப் பேசுங்கள். அதில் திசை தெளிவாகவே தெரிகிறது.

சென்னை, தரவு ஆர்வலர்: "இயல்பைவிட 20 டிகிரி அதிகம்" என்ற வரைபடங்களை எப்படிப் படிப்பது?

நான்கு விஷயங்களைப் பாருங்கள். முதலில், "இயல்பு" எந்த ஆண்டுகளின் சராசரி? 1961–1990 என்றால் விலகல் பெரிதாகவும் 1991–2020 என்றால் சிறிதாகவும் தெரியும். இரண்டு வரைபடங்களை ஒப்பிடும் முன் இதைச் சரிபார்க்காமல் போவதுதான் நான் அதிகம் காணும் பிழை. இரண்டாவது, அது ஒரு நிலையத்தின் அளவீடா, கணினி மாதிரியின் கணிப்பா? துருவக் கடலின் நடுவே வெப்பமானிகள் மிகக் குறைவு. அங்கே காட்டப்படும் நிறங்களில் பெரும்பகுதி மாதிரியிலிருந்து வருவது. மூன்றாவது, ஒரு மணி நேர உச்சமா, மாதச் சராசரியா?

நான்காவது, பரப்பு. 80 டிகிரி வடக்குக்கு மேலுள்ள பகுதியின் சராசரி வெப்பநிலையைக் காட்டும் டென்மார்க் வானிலை நிறுவனத்தின் வரைபடத்தைப் பலர் பகிர்கிறார்கள். நல்ல வரைபடம்தான், ஆனால் அதில் அட்சதீர்க்கக் கட்டங்கள் பரப்புக்கு ஏற்ப எடைபோடப்படுவதில்லை. துருவத்தை ஒட்டிய இடங்களுக்குக் கூடுதல் பங்கு கிடைக்கிறது. கோடையில் அந்தக் கோடு அசையாததைக் காட்டி "வெப்பமே ஏறவில்லை" என்று வாதிடுபவர்களும் உண்டு. உருகும் பனிக்கட்டியின் மேல் காற்று 0-வை ஒட்டியே நிற்கும், வந்த வெப்பம் உருக்குவதற்கே செலவாகிவிடும். ஆகவே அந்த வரைபடத்தில் குளிர்காலப் பகுதியைப் பாருங்கள்.

பெங்களூரு வாசகர்: பிப்ரவரியில் ஸ்வால்பார்டு போகிறோம். மழை பெய்தால்?

தெருக்கள் கண்ணாடிபோல் வழுக்கும். காலணியின் அடியில் மாட்டும் ஆணிப் பட்டை கட்டாயம் எடுத்துப் போங்கள். மேலுடை நீர் புகாததாக இருக்கட்டும். நனைந்த உடையோடு காற்றில் நிற்பது உலர்ந்த -20-ஐவிட ஆபத்து.

ஸ்னோமொபைல் (பனியில் ஓடும் வண்டி) பயணம் ரத்தானால் வழிகாட்டியிடம் வாதாடாதீர்கள். நீர்க்குளிர்ச்சி எஞ்சின் உள்ள வண்டிகள் பலவற்றில், ஓடும் பட்டை வாரியிறைக்கும் பனிதான் அடியிலுள்ள வெப்பமாற்றியைக் குளிர்விக்கிறது. வெறும் பனிக்கட்டியில் ஓட்டினால் இறைக்கப் பனி இருக்காது, எஞ்சின் கொதிக்கும். பட்டை உரசும் பிளாஸ்டிக் சட்டமும் உருகித் தேயும். பள்ளத்தாக்குகளில் பனிக்கடியில் தேங்கிய நீரில் வண்டி மூழ்கிச் சிக்குவதும் நடக்கும். ஃபியோர்டு என்னும் குறுகிய கடல்நுழைவின் பனிக்கட்டி மேலே உறுதியாகத் தெரிந்தாலும் வெப்ப நாட்களில் உள்ளே உப்புநீர்க் குழிகள் பெரிதாகி வலு குறையும். தடிமனை மட்டும் நம்பி இறங்கக் கூடாது.

2015 டிசம்பர் 19 அன்று லாங்யர்பியனில் 11 வீடுகளைச் சிதைத்து இருவரைக் கொன்ற பனிச்சரிவை மழையோடு சேர்த்து எழுதுகிறார்கள். அது புயல்காற்று குவித்த பனி சரிந்தது. ஆனாலும் அங்கே சரிவு எச்சரிக்கையை நாள்தோறும் பார்த்துவிட்டே வெளியே கிளம்புங்கள்.

சேலம் வாசகர்: உலகப் பயிர் விதைகளைச் சேமிக்கும் ஸ்வால்பார்டு விதைப் பெட்டகத்தில் வெள்ளம் புகுந்ததாமே?

2016 அக்டோபரில் நுழைவுச் சுரங்கத்துக்குள் நீர் வந்து உறைந்தது. விதை அறைகள் வரை எட்டவில்லை. பிறகு நுழைவுப் பகுதியை நீர் புகாதபடி மாற்றிக் கட்டினார்கள்.

கோலாலம்பூர் வாசகர்: அண்டார்க்டிகாவிலும் இதே கதைதானா?

2022 மார்ச்சில் கிழக்கு அண்டார்க்டிகப் பீடபூமியிலுள்ள கான்கார்டியா நிலையத்தில் வெப்பநிலை இயல்பைவிட ஏறக்குறைய 40 டிகிரி உயர்ந்து -12-ஐ ஒட்டி வந்தது. அங்கே அது இலையுதிர்காலம். ஆறுபோல் நீண்ட ஈரக்காற்றுப் பட்டை ஒன்று உள்நாடு வரை புகுந்தது காரணம். ஆனால் மூவாயிரம் மீட்டருக்கு மேலான அந்தப் பீடபூமியில் -12 என்றாலும் எதுவும் உருகாது. அந்த நிகழ்வு கண்டத்துக்குப் பனியையே கூட்டியது. ஒரே வழிமுறை, விளைவு வேறு.

புதுச்சேரி, கால்நடை மருத்துவ மாணவர்: பட்டினி கிடக்கும் மான்களுக்குத் தீவனம் போடக் கூடாதா?

ஸ்வால்பார்டு மான்கள் காட்டு விலங்குகள், மேய்ப்பவர் இல்லை. நிலம் மூடினால் கரைக்கு வந்து கடற்பாசியைத் தின்கின்றன. அது ஒப்புக்குத் தாங்கும், கூடவே பேதியும் வரும்.

வளர்ப்பு மான்கள் உள்ள இடங்களில் தீவனம் போடுகிறார்கள். எப்போது, எப்படிப் போடுவது என்பதில்தான் சிக்கல். குளிர்காலத்தில் மானின் முன்வயிற்று நுண்ணுயிர்கள் லைக்கனுக்கு (பாசியும் பூஞ்சையும் இணைந்து வளரும் உயிரி) பழகியிருக்கும். வாரக்கணக்கில் பட்டினி கிடந்த மானுக்கு மாவுச்சத்து மிகுந்த குருணைத் தீவனத்தை ஒரேயடியாகக் கொடுத்தால் முன்வயிறு அமிலமாகி, வயிறு நிறைந்தபடியே சாகும். பனிக்கட்டி ஓடு படிந்த சில நாட்களுக்குள், மான் இன்னும் உடல்வலுவோடு இருக்கும்போதே, லைக்கனோடு சிறிது சிறிதாகக் கலந்து தொடங்கி மெல்ல அளவைக் கூட்ட வேண்டும். ரஷ்யாவின் யமால் போன்ற பரந்த துந்திராவில் (மரமற்ற உறைநிலச் சமவெளி) இது நடக்காது: 2013 நவம்பரில் மழை பெய்து உறைந்தபின் அங்கே சுமார் 61,000 மான்கள் இறந்தன. சிதறிக் கிடக்கும் மந்தைகளுக்கு அத்தனை டன் தீவனத்தைக் கொண்டு சேர்க்க அங்கே சாலை இல்லை.