ஜெர்மனில் மான்டல் என்ற சொல்லுக்கு ஏன் 'ஐனன்'?

'நான் ஒரு மேல்கோட்டு வாங்குகிறேன்' என்பதற்கு ஜெர்மனில் 'இஷ் கௌஃப ஐன் மான்டல்' என்று எழுதியதைத் தவறென்று திருத்திவிட்டார்கள், 'ஐன் ஹெம்ட்' மட்டும் எப்படிச் சரி என்று கேட்டிருந்தீர்கள். நல்ல கேள்வி. நீங்கள் தடுமாறியது இயல்புதான். மான்டல் (மேல்கோட்டு) ஆண்பால், ஹெம்ட் (சட்டை) ஒன்றன்பால். எழுவாயாக வரும்போது இரண்டுக்கும் 'ஐன்' (ஒரு) என்பதால் வேறுபாடு கண்ணில் படாது. செயப்படுபொருளாகும்போது ஆண்பால் மட்டும் 'ஐனன்' ஆகிவிடும்.

தமிழில் 'கோட்டை வாங்கினேன்' என்று பெயர்ச்சொல்லின் வாலில் 'ஐ' சேர்க்கிறோம். ஜெர்மனில் பெரும்பாலும் முன்னால் நிற்கும் சொல்தான் மாறும்: டேர் மான்டல் (எழுவாய்), டேன் மான்டல் ('ஐ'), டேம் மான்டல் ('கு'). இந்த 'டேர்' ஆங்கில 'the' போன்றது. 'உடைய' என்ற பொருளில் மட்டும் டெஸ் மான்டல்ஸ் என்று கடைசியில் 'ஸ்' ஒட்டும். பன்மை டீ மென்டல். அதுவே நம் நான்காம் வேற்றுமைப் ('கு') பொருளில் டேன் மென்டல்ன். இந்தக் கடைசி 'ன்'னைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள், கவனம்.

துணிக்குப் பால் ஏது என்று யோசிக்காதீர்கள். நம் அஃறிணை அறிவு இங்கே உதவாது. ஹோஸ (காற்சட்டை), யாக்க (ஜாக்கெட்), புளூஸ (பிளவுஸ்) போல 'அ' ஒலியில் முடியும் உடைப்பெயர்கள் பெரும்பாலும் பெண்பால். ஆண்பால் பெயர்களை 'டேன் மான்டல்' என்றே வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். 'டேர்' என்று மனப்பாடம் செய்வதைவிட இது வாக்கியத்தில் சட்டென்று கைகொடுக்கும்.