தலையாட்ட ஆள் ஏது?

கேள்வி: கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்ற மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதலும் வேண்டுமாமே? அன்றைக்குத் தலையாட்டிவிட்டு, நாற்பது வருடம் கழித்து நீட் வந்ததும் ‘உரிமை போச்சு’ என்று தமிழ்நாடு கூச்சல் போடுவது என்ன நியாயம்?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: தலையாட்ட அன்றைக்கு இங்கே சட்டமன்றமே கிடையாது, ஐயா. 1976 ஜனவரி 31 அன்று கருணாநிதி ஆட்சி கலைக்கப்பட்டது. சட்டமன்றமும் அத்தோடு போயிற்று. கல்வியை, மாநிலம் சட்டம் போடும் மாநிலப் பட்டியலிலிருந்து, மத்திய அரசும் சட்டம் போடக்கூடிய பொதுப் பட்டியலுக்கு மாற்றிய, அரசியல் சட்டத்தின் 42-வது திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது அந்த நவம்பரில். குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தது டிசம்பர் 18. நமக்கு அடுத்த தேர்தல் 1977 ஜூனில்தான்!

மாநில ஒப்புதல் வேண்டும் என்பது சரிதான். அரசியல் சட்டத்தின் 368-வது பிரிவுப்படி, திருத்த மசோதாவுக்கு ஒவ்வொரு அவையிலும் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் ஆதரவு வேண்டும். வந்திருந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும். ஒரு அவை மறுத்தால் கூட்டுக் கூட்டம் போட்டுச் சமாளிக்கவும் வழியில்லை. அதிகாரப் பட்டியல்களில் கைவைத்தால், இதற்கு மேல் குறைந்தது பாதி மாநிலச் சட்டமன்றங்களும் ஏற்க வேண்டும். பாதிதான், கவனியுங்கள். எந்தப் பாதி என்று சட்டம் கேட்பதில்லை. நம் சட்டமன்றம் இருந்து, ஒருமனதாக எதிர்த்திருந்தாலும், மற்றவர்களில் தேவையான எண்ணிக்கை சேர்ந்தால் அந்தத் திருத்தம் நம்மையும் கட்டியிருக்கும்.

திருத்தியவர்கள் யார் என்றும் பாருங்கள். 1976 மார்ச்சில் முடிந்திருக்க வேண்டிய மக்களவை, எமர்ஜென்சியைக் காட்டித் தன் ஆயுளை நீட்டித்துக்கொண்டிருந்தது. எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில். 59 பிரிவுகள் கொண்ட அந்தத் திருத்தத்தில் கல்வியோடு காடு, வனவிலங்கு, எடை அளவு, நீதி நிர்வாகம் எல்லாம் ஒரே மூட்டையாகப் பொதுப் பட்டியலுக்குப் போயின.

நியாயமாக நீங்கள் கோபப்பட வேண்டியது அதற்குப் பிந்தைய காலத்தைப் பார்த்து. ஜனதா ஆட்சி 43, 44-வது திருத்தங்களால் 42-இன் பல பகுதிகளைக் களைந்தது, கல்வி திரும்பவில்லை. அப்புறம் 1996 முதல் 2013 வரை, இடையில் சில காலம் தவிர, தி.மு.க. மத்திய அமைச்சரவையில் இருந்தது. 1998-இல் அ.தி.மு.க.வும் இருந்தது. எந்த இலாகா யாருக்கு என்பதற்கு டெல்லியில் காட்டிய வேகம் கல்விக்கு இல்லை.

கூட்டணி ஆட்சிகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு ஏது என்பார்கள். மாநிலங்களவையில் பெரும்பான்மை இல்லாத மோடி அரசு, 2016-இல் ஜி.எஸ்.டி.க்கான 101-வது திருத்தத்தை எதிர்க்கட்சிகளோடு பேசித்தானே நிறைவேற்றியது? நம்மவர்கள் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. அமைச்சர்களாக இருந்த காலத்தில் அதற்காக எத்தனை மசோதா கொண்டுவந்தார்கள் என்று, அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வரும்போது விசாரித்துப் பாருங்கள்.