சனிக்கிழமை ஹூக்கா, திங்கட்கிழமை சிகரெட்

கேள்வி: நான் ஸ்மோக்கர் இல்லை. சனிக்கிழமை ராத்திரி நண்பர்கள் நாலு பேரோடு கோரமங்கலாவில் ஹூக்கா, அவ்வளவுதான். ஆபீஸில் ரிலீஸ் டென்ஷன் இருந்தால் எப்போதாவது கீழே போய் ஒரு சிகரெட். 2024இல் கர்நாடக அரசு ஹூக்காவைத் தடை செய்தது. இப்போது தினம் நாலைந்து சிகரெட் ஆகிவிட்டது. தண்ணீரில் வடிகட்டி வந்த புகையை நிறுத்தி, நேரே நெஞ்சுக்குள் போகிற புகைக்கு எங்களைத் தள்ளிவிட்ட அரசை என்ன சொல்வது? பொங்கலுக்குத் திண்டுக்கல் போனால் நாலு நாள் சிகரெட்டைத் தொடுவதே இல்லை. அடிமையாக இருந்தால் அது முடியுமா?
(பெயர் வேண்டாம், பி.டி.எம். லேஅவுட், பெங்களூரு)

பதில்: அரசைச் சொல்ல என்னிடமும் நிறைய இருக்கிறது தம்பி. ஆனால் இந்த ஒரு வழக்கில் அதை விடுதலை செய்ய வேண்டியிருக்கிறது. சாட்சி உங்கள் கடிதம்தான். "எப்போதாவது ஒரு சிகரெட்" என்ற வரி, தடையைப் பற்றிய வரிக்கு முன்னாலேயே வந்துவிட்டது பாருங்கள். அரசு கதவைச் சாத்துவதற்கு முன்பே சிகரெட் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது.

முதலில் அந்தத் தண்ணீர். அக்பர் அவையில் இருந்த வைத்தியர் ஒருவர், புகையைத் தண்ணீர் வழியாக விட்டால் கெடுதல் போய்விடும் என்று யோசித்துத்தான் ஹூக்காவையே உண்டாக்கினார் என்று ஒரு கதை உண்டு. கதை உண்மையோ பொய்யோ, நானூறு வருஷமாக அந்த நம்பிக்கை மட்டும் தேயவில்லை. தண்ணீர் புகையைக் குளிர வைக்கும். குளிர்ந்தால் தொண்டை எரியாது, எரியாவிட்டால் இன்னும் ஆழமாக இழுக்கலாம். தண்ணீர் செய்கிற உபகாரம் பெரும்பாலும் அவ்வளவுதான். உலக சுகாதார நிறுவனம் 2005இல் ஒரு கணக்கு கொடுத்தது. ஒரு சிகரெட்டுக்கு 8 முதல் 12 இழுப்பு, உள்ளே போவது மொத்தம் அரை லிட்டருக்குச் சற்று கூடுதலான புகை. ஹூக்காவில் ஒரு முறை உட்கார்ந்தால் 20 முதல் 80 நிமிடம், 50 முதல் 200 இழுப்பு, ஒவ்வொரு இழுப்பும் 0.15 முதல் 1 லிட்டர் வரை. பெருக்கிப் பார்க்கும் வேலையை உங்களிடமே விடுகிறேன், நீங்கள் கம்ப்யூட்டர்காரர். போதாததற்கு மேலே வைக்கிற கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷவாயு தனி. "புகையிலையே இல்லை, மூலிகைதான்" என்று தருகிறார்களே, அதன் தலையிலும் அதே கரிதான்.

சரி, புகைக்கணக்கு உங்களுக்குத் தெரியாததல்ல. அது தெரிந்த பிறகும் "நான் ஸ்மோக்கர் இல்லை" என்று கடிதத்தை ஆரம்பிக்க எப்படி முடிகிறது? என் கவலை அதுதான்.

ஸ்மோக்கர் என்றால் உங்கள் மனதில் ஒரு படம் இருக்கிறது. ஊரில் திண்ணையில் பீடியோடு இருமிக்கொண்டிருந்த மாமாவோ தாத்தாவோ. மெத்தையில் சாய்ந்து, நண்பர்களோடு குழாயைக் கைமாற்றி, பான் வாசனையில் புகை விட்டவருக்கு அந்தப் படத்தில் இடமில்லை. ஹூக்கா ஒரு சாயங்காலம், ஒரு கூட்டம், ஒரு ஃப்ளேவர். "கெட்ட பழக்கம்" என்ற பலகை அதன் மேல் தொங்குவதில்லை. அந்தப் பெயரில்லாத காலத்தில், புகை உள்ளே போனால் உடம்பு எப்படித் தளரும் என்று மூளை பாடம் படித்துவிட்டது. புகையிலையில் அடிமையாக்குகிற சரக்கான நிகோட்டினுக்கு ஹூக்காக் குழாயும் தெரியாது, சிகரெட் பஞ்சும் தெரியாது. 2015இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, அதுவரை சிகரெட்டே தொடாத இளைஞர்களைத் தொடர்ந்து கவனித்தது. முன்பே ஹூக்கா பிடித்தவர்கள்தான், பிடிக்காதவர்களைவிட அதிகமாகச் சிகரெட் பக்கம் போயிருந்தார்கள். அங்கே யாரும் ஹூக்காவைத் தடை செய்து அவர்களைத் தள்ளவில்லை.

ஹூக்காவுக்கு ஆள் வேண்டும், இடம் வேண்டும், கரி மாற்றப் பையன் வேண்டும், ஒரு மணி நேரம் வேண்டும். செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு மேனேஜர் காய்ச்சி எடுத்தால் இதில் எது கிடைக்கும்? சிகரெட்டுக்கு ஐந்து நிமிடம் போதும், சட்டைப் பையில் அடங்கும். வாரம் முழுக்க இருக்கிற ஓட்டைகளை அடைக்க அது வந்தது. நிகோட்டினில் பாதி இரண்டு மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து இறங்கிவிடும். பழகிய உடம்பு அப்புறம் முணுமுணுக்க ஆரம்பிக்கும். எரிச்சல் வரும், வேலையில் மனம் நிற்காது. நீங்கள் அதற்கு "டென்ஷன்" என்று பெயர் வைப்பீர்கள். இன்னொன்று பற்ற வைத்ததும் முணுமுணுப்பு அடங்கும். டென்ஷனைச் சிகரெட் தீர்த்தது என்று எழுதிக்கொள்வீர்கள். அந்த டென்ஷனில் பாதி, முந்தின சிகரெட் வைத்துவிட்டுப் போன கடன். நானும் பதினோரு வருஷம் இந்த வட்டியைக் கட்டியவன். இதழ் முடிக்கிற நாளில் மட்டும்தான் பிடிப்பேன் என்று சத்தியம் செய்திருந்தேன். வாரப் பத்திரிகை. கொஞ்ச நாளில் வாரத்தில் ஏழு நாளும் இதழ் முடிக்கிற நாளாகிவிட்டது.

போன வாரம் எங்கள் அலுவலகத்துக்குக் கீழே இருக்கிற காண்டிமென்ட்ஸ் என்கிற பெட்டிக்கடையில் ஒரு பையனைப் பார்த்தேன். உதிரியாக விற்கக் கூடாது என்று கர்நாடகத்தில் விதி இருந்தும் ஒன்று மட்டும் வாங்கினான். டீ கிளாஸை யாருடைய பைக் சீட்டிலோ வைத்தான். நூலில் தொங்கிய லைட்டரை இழுத்துப் பற்ற வைக்கும் முன், பஞ்சுக்குள் இருக்கும் சின்னக் குமிழை விரலால் நசுக்கினான். 'டக்' என்று ஒரு சத்தம், புதினா வாசனை என் மூக்குவரை வந்தது. வெறும் சிகரெட் அவனுக்குக் கசக்குமாம், கடைக்காரர் சொன்னார். ஹூக்காவில் டபுள் ஆப்பிளும் மின்ட்டும் பழகின நாக்கு கேட்கிறது, கம்பெனிக்காரன் கொடுக்கிறான். இனிப்பு ஃப்ளேவர் சேர்த்த ஹூக்காப் புகையிலை 1990களில் எகிப்துப் பக்கமிருந்து உலகமெங்கும் பரவியபோதே இந்த வியாபாரம் தொடங்கிவிட்டது. புகையிலையைப் புகையிலை மாதிரி தெரியாமல் செய்துவிட்டால், தயங்குகிறவன் தயக்கத்தை விட்டுவிடுவான். உங்கள் பிராண்ட் எது என்று நீங்கள் எழுதவில்லை. குமிழ் வைத்ததாக இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

இப்போது பொங்கல். நாலு நாள் தொடவில்லை என்பதை நம்புகிறேன். வியட்நாம் போரில் ஹெராயினில் விழுந்த அமெரிக்கச் சிப்பாய்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பியதும் அதை விட்டுவிட்டார்கள் என்று லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் 1970களில் காட்டியிருக்கிறார். பழக்கத்தில் ஒரு பங்கு நம்மிடம் இருக்கிறது, இன்னொரு பங்கு இடத்தில் இருக்கிறது. திண்டுக்கல்லில் அம்மா இருக்கிறார், அந்தக் கடை இல்லை, ரிலீஸ் இல்லை. நான் கேட்பது வேறு: திரும்பி வந்து மடிவாளாவில் விடியற்காலை பஸ்ஸை விட்டு இறங்கியதும், ஆட்டோவைத் தேடினீர்களா, கடையைத் தேடினீர்களா?

தடையைப் பற்றி ஒரு வார்த்தை. 2023 அக்டோபரில் கோரமங்கலாவில் ஹூக்கா பார் இருந்த கட்டடம் தீப்பிடித்தது, 2024 பிப்ரவரியில் தடை உத்தரவு வந்தது, ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அது செல்லும் என்றது. தடை சரிதான் என்பது என் கட்சி. ஆனால் ஒரு விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. குழாயைப் பிடுங்கியவர்கள், அதில் பழகின பிள்ளைகள் அடுத்து எங்கே போவார்கள் என்று யோசித்து, பக்கத்திலேயே ஒரு ஆலோசகரையும் உட்கார வைத்திருக்க வேண்டும். சிகரெட் கடை மட்டும் பக்கத்தில் இருந்தது.

ஆலோசகர் தொலைவில் இல்லை. நீங்கள் வாங்கும் பாக்கெட்டிலேயே 1800-11-2356 என்று அச்சிட்டிருக்கிறார்கள், காசில்லாத அழைப்பு. உதிரியாக வாங்கினால் அது கண்ணில் படாது என்பதால் இங்கே எழுதினேன். நம் ஊர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையிலும் அதற்கான மையம் உண்டு, தமிழிலேயே பேசலாம். காலையில் எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட் என்று கேட்பார்கள். நாளைக்கு ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். "நான் ஸ்மோக்கர் இல்லை" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். அந்தப் பக்கம் இருப்பவர் அதைக் காலையிலிருந்து இருபது பேரிடம் கேட்டிருப்பார்.